மிக்-21 போய்விட்டது. நேராக நூறு விமானம் வாங்கினால் என்ன?

28 செப்டம்பர் 2025 (வாசகர் கேள்வி)

நேற்று முன்தினம் சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடைகொடுத்ததைப் பார்த்தேன். 1963ல் வந்த விமானத்தை 62 வருடம் ஓட்டியிருக்கிறோம். நாமே செய்யும் தேஜஸ் போர் விமானத்துக்கு 1983ல் அனுமதி கொடுத்தும் இன்னும் போதுமான எண்ணிக்கையில் வந்து சேரவில்லை. நம்மிடம் பணம் இருக்கிறது, விற்க நாலு நாடு வரிசையில் நிற்கிறது. நேராகப் போய் நூறு விமானம் வாங்கிப் போட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

28 செப்டம்பர், இரவு

தீராது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் வடக்கே மிக்-21 ஸ்குவாட்ரன்கள் (பதினாறு, பதினெட்டு விமானம் கொண்ட பிரிவு), கடைசிக் காலம் ஒரு பழுதுபார்ப்பு டிப்போவில். காலையில் விமானம் கிளம்ப வேண்டும் என்பதற்காக ராத்திரி முழுக்க ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், விழித்திருந்த கூட்டத்தில் ஒருவன். அதனால் தரையில் நின்று பார்த்ததைத்தான் எழுத முடியும்.

செய்திகளில் எல்லோரும் ஸ்குவாட்ரனை எண்ணுகிறார்கள். அனுமதிக்கப்பட்டது 42, மிக்-21 போனபின் கையில் இருப்பது 29. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் ஸ்குவாட்ரனுக்குள் இருப்பவர்கள் எண்ணுவது வேறு: இன்று காலை எத்தனை பறக்கும்?

ரஷ்ய சுகோய்-30 எம்.கே.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் இருப்பதிலேயே அதிக எண்ணிக்கையில் உள்ள போர் விமானம். 2015ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை என்ன சொன்னது? எந்த நேரமும் 75 சதவீதம் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. இருந்ததோ 55 முதல் 60 சதவீதம். 200 விமானத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விதியில் உள்ள 75ஐத் தொட்டிருந்தாலே இன்னும் 30, 40 விமானம் கூடுதலாகப் பறந்திருக்கும். அது இரண்டு ஸ்குவாட்ரன். ஒரு புது விமானமும் வாங்காமலே கிடைத்திருக்க வேண்டிய இரண்டு ஸ்குவாட்ரன்.

நூறு விமானம் வாங்கிவிடலாம். அதற்கான இன்ஜின், டயர், பேரிங், விமானி இருக்கையை வெளியே தள்ளும் வெடிமருந்துக் குப்பி, சோதனைக் கருவி, கையேடு, அதைப் படித்த ஆள், எல்லாம் நாற்பது வருடத்துக்குத் தொடர்ந்து வர வேண்டும். வாங்கும்போது அதற்கு என்ன ஏற்பாடு செய்தோம் என்று கேளுங்கள். விலையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

29 செப்டம்பர்

"அப்படியானால் ரஷ்யச் சரக்கு மோசம் என்கிறீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. மிக்-21 மாதிரி கொடுமையைத் தாங்கும் விமானத்தில் நான் வேலை செய்ததில்லை.

சுகோயில் அப்போது இருந்த சிக்கல் குறிப்பானது. 2015ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் நாடாளுமன்றத்தில் கணக்கே கொடுத்தார்: 69 இன்ஜின் கோளாறுகளை ஆராய்ந்ததில் 33க்குக் காரணம் பேரிங். பேரிங் என்பது உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய சமாச்சாரம். அது சரியில்லை என்றால் பல நூறு கோடி விமானம் ஹேங்கரில் நிற்கும்.

ரஷ்யச் சரக்கில் பெரிய அடி 1991ல் விழுந்தது. சோவியத் யூனியன் உடைந்தபோது ஒரே விமானத்தின் உதிரிபாகத் தொழிற்சாலைகள் வேறு வேறு நாடுகளுக்குப் போய்விட்டன. ஏ.என்-32 போக்குவரத்து விமானத்தைப் பாருங்கள். அதை வடிவமைத்தது உக்ரைன். 2009ல் நூற்றுச் சொச்சம் விமானங்களை மேம்படுத்த ஒப்பந்தம்: 40ஐ உக்ரைனில் செய்வது, மீதியை அவர்கள் தரும் பாகங்களை வைத்து கான்பூர் டிப்போவில் நாமே செய்வது. 2014ல் அங்கே சண்டை வந்தது. கான்பூரில் ஆள் இருந்தார்கள், இடம் இருந்தது, பாகம் வந்து சேர்வதுதான் தடுமாறியது.

2016ல் பிரான்ஸிடம் 36 ரஃபேல் போர் விமானம் வாங்கியபோது, 75 சதவீதம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்ற பொறுப்பை ஒப்பந்தத்திலேயே விற்பவர் தலையில் கட்டினார்கள். சுகோயில் பட்ட பாடு சொல்லிக்கொடுத்த பாடம் அது என்றுதான் நினைக்கிறேன்.

1 அக்டோபர்

"நேராகப் போய் வாங்கினால்" என்ற பகுதிக்கு வருகிறேன். நேராக என்று ஒன்று கிடையாது.

என்ன வேண்டும் என்று விமானப்படை எழுதிக்கொடுக்க வேண்டும். வேகம், உயரம், எடை, லடாக் மலைமேல் உள்ள லேவில் வெயில் நேரத்தில் எவ்வளவு சுமையோடு மேலே எழும்ப வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். அப்புறம் பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் குழு "ஆமாம், இது தேவை" என்று ஒப்ப வேண்டும். அதன்பின் டெண்டர், காகித மதிப்பீடு, பறக்கவிட்டுச் சோதனை, விலைப் பேச்சு, கடைசியில் பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. ஒவ்வொரு படியிலும் யாராவது ஒரு கேள்வி கேட்டால் கோப்பு ஒரு படி கீழே இறங்கும்.

பழைய ஆவ்ரோ போக்குவரத்து விமானத்துக்கு மாற்று வாங்கிய கதையே போதும். ஆவ்ரோ 1960களில் வந்தது. தேவை என்று ஒப்பியது 2012. டெண்டர் 2013. ஒரே ஒரு நிறுவனம்தான் விலைப்புள்ளி கொடுத்தது. ஒற்றை விலைப்புள்ளியை ஏற்கலாமா என்பதிலேயே காலம் ஓடியது. 56 சி-295 விமானங்களுக்கு 2021 செப்டம்பரில்தான் கையெழுத்து. முதல் விமானம் வந்தது 2023ல். இதில் போர் விமானத்துக்கு உள்ள ரகசியமோ அரசியலோ எதுவும் இல்லை. ஆளையும் சாமானையும் ஏற்றிப் போகும் வண்டி, அவ்வளவுதான்.

126 போர் விமானம் வாங்கும் கதை இதைவிட வேதனை. 2007ல் டெண்டர். போட்டிக்கு வந்த ஆறு வகை விமானங்களை பெங்களூரு வெப்பத்திலும் ஜெய்சால்மர் மணலிலும் லே உயரத்திலும் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். உலகத்தில் எந்த விமானப்படையும் அவ்வளவு விரிவாகச் சோதித்திருக்குமா என்பது சந்தேகம். 2012 ஜனவரி 31 அன்று ரஃபேல் தேர்வானது. அதன்பின் மூன்று வருடம் பேச்சு. இங்கே கூட்டப்படும் விமானங்களுக்கு யார் பொறுப்பு, எத்தனை மனித உழைப்பு மணி நேரம் ஆகும் என்பதில் முட்டிக்கொண்டு 2015ல் கைவிடப்பட்டது. 126 என்று ஆரம்பித்து 36 வந்தது.

சோதித்தவர்களின் உழைப்பு அத்தனையும் கோப்பாகிக் கிடக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

5 அக்டோபர்

தேஜஸ் தாமதம் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் மாருத் தெரிய வேண்டும். இந்த விவாத இழையில் யாருமே அதன் பெயரை எடுக்கவில்லை.

எச்.எஃப்-24 மாருத் போர் விமானம். ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்து நம் ஆட்களோடு சேர்ந்து வடிவமைத்தது. 1961 ஜூன் 17 முதல் பறப்பு. ஆசியாவில் சோவியத் யூனியனைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு விமானத்தைச் சொந்தமாகச் செய்யாத காலம். உடல் அற்புதம். ஓட்டியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் எந்த இன்ஜினை மனதில் வைத்து வடிவமைத்தார்களோ அது வரவில்லை. பிரிட்டனில் அந்த ஆர்ஃபியஸ் 12 இன்ஜின் வேலையை நிறுத்திவிட்டார்கள், பணம் போட்டுத் தொடர நாமும் முன்வரவில்லை. நாட் என்ற சிறிய போர் விமானத்துக்காக இங்கே உரிமம் பெற்றுச் செய்துகொண்டிருந்த ஆர்ஃபியஸ் குடும்பத்திலிருந்தே இரண்டை எடுத்துப் பொருத்தினார்கள். ஒலி வேகத்தைத் தாண்டப் பிறந்த உடல், நேர்ப் பறப்பில் கடைசிவரை அதைத் தாண்டவில்லை. இன்ஜினுக்குக் கூடுதல் விசை சேர்க்கும் முயற்சியில் 1970ல் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் உயிர் போனது. 147 விமானம் செய்தோம். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே பணி செய்தது. 1990 வாக்கில் கடைசி விமானமும் ஓய்ந்தது.

அடுத்து என்ன நடந்திருக்க வேண்டும்? மாருத்தை வைத்து மாருத்-2, அதை வைத்து மூன்று என்று போயிருக்க வேண்டும். போகவில்லை. செய்த தலைமுறை ஓய்வு பெற்றது. 1984ல் தேஜஸுக்காக வானூர்தி மேம்பாட்டு முகமை தொடங்கியபோது போர் விமானத்தை முழுசாக வடிவமைத்துப் பழகிய கை அநேகமாக இல்லை. நாற்பது வருடம் ஆயிற்று என்று சொல்பவர்கள் அதில் எத்தனை வருடம் அறுந்த நூலை மறுபடி பிடிக்கப் போனது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் தேஜஸுக்காக நாமே செய்ய முயன்ற காவேரி இன்ஜின். 1989ல் அனுமதி. வேண்டிய உந்துவிசை வரவில்லை, எடை கூடிவிட்டது. 2008ல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். இதில் நான் யாரையும் திட்ட மாட்டேன். டர்பைன் பிளேடைக் கையில் பிடித்துப் பார்த்தவனுக்குத் தெரியும். சின்ன விரல் நீளம் இருக்கும் பிளேடு, தன் உலோகம் உருகும் வெப்பத்தையும் மிஞ்சிய வாயு நடுவே நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்ற வேண்டும். உள்ளே நுண்ணிய துளைகள் வழியாகக் காற்று ஓடி அதைக் குளிர்விக்கும். அந்தப் பிளேடை ஒரே படிகமாக வார்த்தெடுக்கும் கலையை எந்த நாடும் எளிதில் விற்காது. உலகத்தில் நாலைந்து நாடுகளிடம்தான் இருக்கிறது.

6 அக்டோபர்

1998 அணுகுண்டுச் சோதனையை நேற்று எழுத விட்டுப்போயிற்று. தேஜஸின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களைத் தடை வந்தவுடன் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் உட்கார்ந்து தாங்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4ல் முதல் பறப்பு. அதன்பின் 2024 மார்ச் வரை, 23 வருடத்தில், ஒரு தேஜஸ் கூட விழவில்லை. அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு யார் மாலை போட்டார்கள்?

6 அக்டோபர், மாலை

தாமதத்தில் விமானப்படைக்குப் பங்கே இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டது சரியான கேள்வி. உண்டு. தேஜஸ் இறக்கையை முதலில் ஆர்-60 ஏவுகணைக்காக வடிவமைத்தார்கள். அது 44 கிலோ. காலம் மாறி, 105 கிலோ எடையுள்ள ஆர்-73 வேண்டும் என்றானது. கேட்டதில் தப்பில்லை, ஆர்-60 பழசாகிவிட்டது. ஆனால் இறக்கை நுனிப் பக்கம் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறினால் உள்ளே அமைப்பை மறுபடி கணக்குப் போட வேண்டும். தாமதம் ஆக ஆகத் தேவை மாறும், தேவை மாற மாறத் தாமதம் கூடும்.

12 அக்டோபர்

பராமரிப்பு என்றால் என்னதான் செய்வீர்கள், எண்ணெய் மாற்றுவீர்களா என்று கேட்ட தம்பிக்கு.

மிக்-21ல் இன்ஜின் மாற்றுவது எப்படி என்று சொல்கிறேன். விமானத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும், நிஜமாகவே. வால் பகுதி முழுவதையும் போல்ட் கழற்றி டிராலியில் பின்னால் இழுத்துவிட்டு, நடுவிலிருந்து இன்ஜினை உருவ வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு எரிபொருள் குழாய், ஹைட்ராலிக் இணைப்பு, வயர் எல்லாவற்றையும் பிரித்துத் தூசி போகாமல் மூடி போட வேண்டும். புது இன்ஜின் உள்ளே போனதும் எல்லாம் மறுபடி. இணைத்த இடத்தில் நட்டு தளராமல் இருக்க மெல்லிய கம்பியை முறுக்கிப் பூட்டுவோம், லாக் வயர் என்போம். கம்பி நட்டை இறுக்கும் பக்கம்தான் இழுக்க வேண்டும். தளர்த்தும் பக்கம் இழுத்தால் போடாததற்குச் சமம். முறுக்கு அதிகமானால் கம்பி பலவீனமாகும், குறைந்தால் அதிர்வில் அறுந்துபோகும். வெட்டிய முனையை உள்பக்கம் மடக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து கை விடுபவனின் விரல் கிழியும். ஜனவரியில் பஞ்சாப் பக்கம் விடியற்காலை நாலு மணிக்கு இந்த வேலையைக் கையுறை போட்டுக்கொண்டு செய்ய முடியாது. உலோகம் தொட்டால் கை விறைக்கும். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, கண் எட்டாத இடத்தில் விரல் நுனியால் பார்த்துக் கட்டுவோம்.

முடிந்ததும் டூல் செக். பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தில் ஒரு குழி. ஒரு குழி காலியாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒருமுறை ஒரு சின்ன சாக்கெட் குறைந்தது. அன்றைக்குப் பொறுப்பிலிருந்த வாரண்ட் ஆபீசர் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. நாற்காலியைப் போட்டு விமானத்தின் முன்னால் உட்கார்ந்தார். "கிடைக்கும் வரை இது என் விமானம்" என்றார். மறுநாள் காலைப் பறப்புப் பட்டியலிலிருந்து அந்த விமானத்தை எடுத்துவிட்டார்கள். கடைசியில் வால் பகுதி டிராலியின் சட்டத்துக்குள் உருண்டு கிடந்தது. அது உள்ளே கிடந்திருந்தால் கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கியிருக்கும், இன்ஜினுக்குள் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். எல்லாம் சரியானபின் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700ல் கையெழுத்து. விமானி அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் விமானத்தை ஏற்றுக்கொள்வார். நம் கையெழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துதான் ஒரு மனிதர் ஒலியை மிஞ்சிய வேகத்தில் போகிறார். அந்தப் பயம் கடைசி நாள் வரை எனக்குப் போகவில்லை, போகக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

உதிரிபாகம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெரிய சர்வீஸுக்கு நிற்கும் விமானத்திலிருந்து கழற்றி, பறக்க வேண்டிய விமானத்தில் மாட்டுவோம். ராப் செய்வது என்போம். ஒரு பம்ப் மாட்ட வேண்டிய இடத்தில் இரண்டு பம்ப் கழற்றி இரண்டு மாட்டும் வேலை. ஒவ்வொரு கழற்றலிலும் சீல் தேயும், திருகு தேயும். ராப் செய்யப்பட்ட விமானம் மாதக்கணக்கில் எழுந்திருக்காது. அதை ஹேங்கர் குயின் என்போம். அதன் முன்னால் வேலை செய்யவே மனசு வராது. ஒருமுறை ஒரு பாகத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து, வந்து பெட்டியைத் திறந்தால் கூட வர வேண்டிய தரச் சான்று இல்லை. பாகம் புத்தம் புதுசு, பளபளக்கிறது. மாட்ட முடியாது. அனுப்பிய இடம் எது என்பது இங்கே வேண்டாம். ஆனால் அன்றைக்கு ஹேங்கரில் நின்ற எங்கள் முகங்களை அவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

18 அக்டோபர்

நேற்று நாசிக்கில் அங்கே கூட்டப்பட்ட முதல் தேஜஸ் மார்க் 1ஏ, அதாவது மேம்படுத்திய தேஜஸ், பறந்தது. எனக்கு மகிழ்ச்சி, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் தேதிகளையும் பாருங்கள். 83 விமானத்துக்கு ஒப்பந்தம் 2021 பிப்ரவரி. முதல் விமானம் வர வேண்டியது 2024 மார்ச். இன்று 2025 அக்டோபர், விமானப்படை கையில் ஒன்றும் இல்லை. இதற்கிடையில் போன மாதம்தான் இன்னும் 97க்கு 62,370 கோடி ரூபாயில் கையெழுத்தானது. பிப்ரவரியில் ஏரோ இந்தியா கண்காட்சியில் விமானப்படைத் தளபதியே தன் அதிருப்தியை வெளிப்படையாகச் சொன்னார். சீருடையில் இருப்பவர் அப்படிப் பொதுவில் பேசுவது அபூர்வம். எவ்வளவு காத்திருந்தால் பேசியிருப்பார்!

வாங்கும் விமானப்படை, விமானத்தைச் செய்யும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்., வடிவமைக்கும் முகமை, பறக்கத் தகுதியானதா என்று சான்று தரும் செமிலாக், தரம் பார்க்கும் இயக்குநரகம், எல்லாம் ஒரே அமைச்சகத்தின் கீழ்தான். ஆனால் தேதி தவறினால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதற்குத் தெளிவான பதில் கிடையாது. என் கவலை இதில்தான். தொழில்நுட்பம் வந்துவிடும், நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

26 அக்டோபர்

தஞ்சாவூர் நண்பர், "எங்கள் ஊரில் இருக்கும் சுகோயில் அப்படி என்ன விசேஷம்" என்கிறார். விசேஷம் உண்டு, இந்த இழைக்கு நேராகப் பொருந்தும்.

2020 ஜனவரி 20ல் தஞ்சாவூரில் 222வது ஸ்குவாட்ரன், டைகர்ஷார்க்ஸ், சுகோயோடு மறுபடி உயிர்பெற்றது. வானிலிருந்து ஏவும் பிரம்மோஸுக்காக. ஏவுகணை இரண்டரை டன். விமானத்தின் வயிற்றில் அதைத் தொங்கவிட்டு, பறந்துகொண்டே விட்டுவிட வேண்டும். அப்படி விடும் நொடியில் விமானத்தின் எடைச் சமநிலை மாறும், ஏவுகணை காற்றில் தடுமாறி விமானத்தின் மேலேயே மோதிவிடக் கூடாது. எச்.ஏ.எல். உடலை வலுப்படுத்தி மின் இணைப்புகளை மாற்றியது. மென்பொருளை எழுதியது விமானப்படையின் சொந்தப் பொறியாளர்கள். 2017 நவம்பரில் முதல் ஏவுதல்.

வெளியிலிருந்து வாங்கும் விமானத்தில் இதைச் செய்ய முடியுமா? விற்றவர் மென்பொருளைத் திறந்துவிட்டால் முடியும். இல்லாவிட்டால் நம் ஏவுகணையை அவர்கள் விமானத்தில் மாட்ட அவர்களிடம் போய் நிற்க வேண்டும். அவர்கள் விலை சொல்வார்கள், தேதி சொல்வார்கள், சில சமயம் மறுத்தும்விடுவார்கள். அதனால்தான் நாமே செய்த அஸ்திரா ஏவுகணை முதலில் சுகோயில் ஏறியது, அடுத்து தேஜஸில்.

கார்கிலில் இதன் அவசரப் பதிப்பைப் பார்த்தோம். 1999ல் மிராஜ் போர் விமானத்தில் இலக்கைக் காட்டும் லேசர் கருவியையும் வழிகாட்டும் குண்டையும் போர் நடக்கும்போதே பொருத்தினார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை. ஜூன் 24ல் டைகர் ஹில் மேல் அந்தக் குண்டு விழுந்தது. அந்த வாரங்களில் தரையில் தூங்காமல் கிடந்தவர்கள் பெயர் எங்கேயும் அச்சாகவில்லை.

8 நவம்பர்

நேற்று 97 தேஜஸுக்கான 113 இன்ஜின் வாங்க அமெரிக்க நிறுவனமான ஜி.இ.யோடு எச்.ஏ.எல். கையெழுத்திட்டிருக்கிறது. உடனே "அமெரிக்காக்காரன் இழுத்தடிக்கிறான், மறுபடி அவனிடமே போகிறீர்களா" என்று இங்கே கோபம்.

கொஞ்சம் பின்னால் போங்கள். முதல் தேஜஸ்களுக்கான 65 எஃப்-404 இன்ஜின்களை ஜி.இ. 2016ல் கொடுத்து முடித்தது. அடுத்த ஆர்டர் வரவில்லை. உற்பத்தி வரிசையை மூடிவிட்டார்கள். 2021ல் நாம் 99 இன்ஜின் கேட்டபோது, ஐந்து வருடம் தூங்கிய வரிசையையும் அதற்குச் சின்னச் சின்னப் பாகம் தரும் தொழிற்சாலைகளையும் எழுப்ப வேண்டியிருந்தது. அதன் முதல் இன்ஜின் 2025 மார்ச்சில் கிளம்பியது. தாமதம் அவர்களுடையது, ஒப்பந்தப்படி அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் 2017லேயே நாம் ஆர்டர் கொடுத்திருந்தால் அந்த வரிசை மூடியிருக்காது. இந்த முறை விமான ஒப்பந்தம் முடிந்து ஆறு வாரத்தில் இன்ஜின் ஒப்பந்தமும் முடிந்திருக்கிறது. நல்ல மாற்றம், பாராட்டுகிறேன்.

எத்தனை இன்ஜின் தேவைப்படும் என்று யோசிக்காதவர்களுக்கு இன்னொரு எண். 2024 செப்டம்பரில் சுகோய்க்கு மட்டும் 240 புது இன்ஜின், 26,000 கோடி ரூபாய்க்கு மேல். விமானம் எல்லாம் ஏற்கெனவே வாங்கியதுதான். இன்ஜின் தேயும் பொருள். ஒடிசாவில் சுனாபேடாவில் அதைச் செய்கிறார்கள் என்பதால் இந்த ஆர்டர் வெளியே போகவில்லை.

22 நவம்பர்

நேற்று துபாயில் தேஜஸ் விழுந்தது. சூலூரிலிருந்து போன விமானி போய்விட்டார்.

காரணம் இதுதான் என்று இழையில் ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். விசாரணைக் குழு இருக்கிறது. அந்த விமானத்தின் ஃபார்ம் 700ல் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட பையன் இன்றைக்கு எந்த நிலையில் இருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் இதைப் படிக்கக்கூடும்.

30 நவம்பர்

ஒரு வாரம் எழுதவில்லை. ஏவுகணைக்கும் ஆயுட்காலம் உண்டா என்று நண்பர் கேட்டிருந்ததற்கு வருகிறேன்.

விமானத்தில் மாட்டும் ஏவுகணைக்கு இரண்டு விதமான ஆயுள். பெட்டியில் சும்மா இருந்தாலும் வருடக் கணக்கில் ஓடும் ஆயுள் ஒன்று. இறக்கையில் தொங்கிப் பறந்த மணி நேரம் இன்னொன்று. ஏவாமலே, வெறுமனே காவலுக்குப் பறந்து பறந்தே அதன் காலம் முடியும். அதிர்வு, மேலே குளிர், கீழே வெப்பம், எல்லாம் சேர்ந்து தின்றுவிடும். முடிந்தபின் விமானத்தில் மாட்டக் கூடாது. அப்படி ஆர்-73, ஆர்-27 என்று கிடங்கில் சேர்ந்துகொண்டே போனது.

விமானப்படையின் சொந்த டிப்போக்கள், தில்லி துக்ளகாபாத்தில் ஏவுகணை பார்க்கும் 7வது டிப்போவும் நாசிக் 11வது டிப்போவும், என்ன செய்தார்கள் தெரியுமா? விமானத்துக்கு உதவாவிட்டாலும் தரையிலிருந்து ஏவ உதவுமே என்று லாரி மேல் ஏவுதளம் கட்டினார்கள். அதுதான் சமர். 2023 டிசம்பரில் ஆந்திராவின் சூர்யலங்காவில் ஏவிக் காட்டினார்கள். வெளியே தூக்கிப் போட வேண்டிய பொருள் வான் காவலாயிற்று. பழுதுபார்ப்பவன் வடிவமைப்பாளனாக மாறிய இடம் இது. பராமரிப்பு என்றால் எண்ணெய் மாற்றுவதா என்று கேட்ட தம்பி இதையும் படிக்க வேண்டும்.

ஜாகுவார் போர் விமானத்தையும் இதோடு சேர்க்கலாம். உலகத்தில் அதை இன்னும் ஓட்டுவது நாம் மட்டும்தான். செய்தவர்களே கைவிட்டபின் பாகம் எங்கே கிடைக்கும்? பிரான்ஸ் கழித்துப்போட்ட 31 ஜாகுவார் உடல்களைக் கேட்டு வாங்கினோம், பிரித்தெடுக்க. புது இன்ஜின் போடும் திட்டம் வருடக்கணக்கில் பேசி 2019ல் விலை தாங்காமல் கைவிடப்பட்டது. ஆனால் உள்ளே இருக்கும் வழிகாட்டு, தாக்குதல் கருவித் தொகுப்பை, டாரின் என்பார்கள், 1980களிலிருந்து மூன்று தலைமுறை நாமே மாற்றிவிட்டோம். கண்ணும் மூளையும் புதுசு, நெஞ்சு பழசு.

7 டிசம்பர்

கோவை கணபதியில் சி.என்.சி. பட்டறை (கணினி வழி உலோகம் கடையும் எந்திரங்கள்) வைத்திருக்கும் தம்பி, "எனக்கு இதில் இடம் உண்டா" என்று கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி.

உண்டு. சூலூரில் 5வது டிப்போ உங்கள் வீட்டுப் பக்கத்தில். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒரு முனை, சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் அங்கேயே இருக்கிறது. 2020ல் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கிய ஸ்ரீஜன் இணையதளத்தில் படைகளுக்கு எந்தெந்தப் பாகம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, எதை இங்கே செய்யலாம் என்ற பட்டியல் உண்டு. அதில் கீழ்மட்டத்தில் தேடுங்கள்: புஷ், பின், சீல், பிராக்கெட். விமானத்தைத் தரையில் நிறுத்துவது பெரும்பாலும் இவைதான்.

பம்புசெட் வேலையில் பழகிய கைக்கு அளவு ஒரு பிரச்சினையே இல்லை, மைக்ரான் கணக்கு உங்களுக்கு வரும். பழக வேண்டியது காகிதம். எந்த உலோகக் கட்டியிலிருந்து அறுத்தீர்கள், அதன் வார்ப்பு எண் என்ன, வெப்பப் பதம் எங்கே செய்தீர்கள், யார் சோதித்தார்கள் என்று ஒவ்வொரு துண்டுக்கும் பிறப்புச் சான்று வேண்டும். முதல் பாகத்தை வரைபடத்தின் ஒவ்வொரு அளவோடும் ஒப்பிட்டுத் தரப் பரிசோதகர் முன்னால் காட்ட வேண்டும். அதன்பின் உங்கள் இஷ்டத்துக்கு ஒரு கட்டர், ஒரு எண்ணெய் கூட மாற்ற முடியாது, கேட்டுத்தான் மாற்ற வேண்டும். பணம் தாமதமாக வரும், ஆர்டர் சிறிதாக இருக்கும், இருபது உருப்படி கேட்பார்கள். வங்கிக் கடனை இதை நம்பி வாங்காதீர்கள். இப்போதுள்ள வேலை ஓடட்டும், ஒரு எந்திரத்தை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள்.

பட்டியலில் எந்தப் பாகத்தைப் பார்த்தீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். இன்ஜின் பக்கம் உள்ளது என்றால் அது எங்கே உட்காரும், எவ்வளவு சூடு தாங்க வேண்டும், நாங்கள் கழற்றும்போது பொதுவாக எந்தப் பக்கம் தேய்ந்திருக்கும் என்று பொதுவில் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். வரைபடம் டிப்போவில்தான் கிடைக்கும், அதற்கு அவர்களிடமே விண்ணப்பம் கொடுங்கள்.